அந்த ஆடு கிடைத்ததா?

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் சுவர் உண்டு. ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. அந்தக் காலத்தில் கட்டியவர்களுக்குக் கல் தீர்ந்துபோயிற்றோ, மனசு தீர்ந்துபோயிற்றோ, ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழுப்பிவிட்டு நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேலே தகரம் வரைக்கும் வெறும் இடைவெளி. பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டில் ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும். நான் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறாயுசு" என்று குரல் வரும். இப்படிப்பட்ட வீட்டில் குடியிருந்துகொண்டு பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போடக் கூடாது. நான் போட்டேன்.

சண்டைக்குக் காரணம் லீக்ஸ். கந்தப்பளைப் பக்கத்தில் லயத்துக்குப் பின்னால் ஒரு கை அகல இடம் கிடைத்தாலும் மரக்கறி போடாமல் விடமாட்டோம். நான் போட்டிருந்தது ஒரே ஒரு பாத்தி லீக்ஸ், தடித்த வெங்காயத்தாள் மாதிரி இருக்கும். இடுப்பொடிய மண் அணைத்து, அடுத்த வாரம் பிடுங்கலாம் என்று பார்த்துப் பார்த்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரியின் கறுப்பு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்காமல் பாத்தியை மொட்டையடித்துவிட்டது.

நான் தோட்டத்து முன்பள்ளி டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வேதக்கோயிலில் சண்டே ஸ்கூல் நடத்துவதும் நான்தான். நீடிய பொறுமை பற்றி வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாடம் எடுப்பேன். அந்தப் பொறுமை அன்றைக்கு லீக்ஸோடு ஆட்டின் வயிற்றுக்குள் போய்விட்டது.

"ஒன் ஆட்டுக்கு வாய் நீளம். வளத்தவளுக்கு அதவிட நீளம்" என்று வாசலில் நின்று சத்தம் போட்டேன்.

அவள் என்னைவிடப் பத்து வயசாவது இளையவள். கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்த நாளிலிருந்து என்னை வாய் நிறைய 'டீச்சரக்கா' என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கும் மரியாதை குறையாமல்தான் பேசினாள். "டீச்சரக்கா, மன்னிக்கணும் மன்னிக்கணும்னு வாராவாரம் பிள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுக்கிறது நீங்கதானே. மன்னிச்சிட்டுப் போங்களேன்."

லயமே சிரித்தது. பைப்படியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். வேறு யாருடைய லீக்ஸாவது போயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்றோடு அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றது. ஆடு பகை, குட்டி உறவா என்று என் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தேன். அவர்கள் கேட்கவில்லை. 'சித்தி' வீட்டுக்குப் போய் வயிறு முட்டத் தின்றுவிட்டுத்தான் வந்தார்கள்.

அப்போதே அவள் முழுகாமல் இருந்தாள். அதற்கு முன்னால் இரண்டு தடவை அவளுக்கு வயிற்றில் தங்கவில்லை. இந்தத் தடவை கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், பிள்ளை பிறக்கும்வரை படுக்கையை விட்டு இறங்கி நடமாடக் கூடாது என்று. கொழுந்தெடுக்கப் போனவளைக் கட்டிலில் போட்டுக் கட்டிவைத்த மாதிரி ஆகிவிட்டது. அம்மா வீடு உடப்புசல்லாவையில். அங்கிருந்து யாராவது வந்து சில நாட்கள் இருந்துவிட்டுப் போவார்கள். புருஷனுக்குத் தேயிலை பெக்டரியில் வேலை, அதிகமும் மாலை ஷிஃப்ட். வீட்டில் இருந்த ஒரே போனும் அவரோடு பெக்டரிக்குப் போய்விடும். அந்திக்குப் பிறகு அவளும் கூரைத் தகரமும்தான்.

எனக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. அவளுடைய கட்டில் எங்கள் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. அவள் புரண்டு படுத்தால்கூடக் கேட்கும். ஆனால் ரோசத்துக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. வாய் பேசக் கூடாது, குழம்பு போகலாம். மீன் வாங்கினால் ஒரு கிண்ணம் மகள் கையில் போகும். கிண்ணம் கழுவித் திரும்பி வரும்போது உள்ளே இரண்டு முட்டை இருக்கும். யார் அனுப்பினது என்று நானும் கேட்கமாட்டேன், அவளும் சொல்லமாட்டாள்.

இனி கதைப் பைக்கு வருகிறேன். எங்கள் சண்டே ஸ்கூலில் கொஞ்சம் படக்கதைப் புத்தகங்கள் இருந்தன. யாரோ நல்ல மனசுக்காரர்கள் கொடுத்தவை. அலுமாரியில் பூட்டி வைத்தால் கரையான்தான் வாசிக்கும் என்று, ஆளுக்கொரு துணிப் பை தைத்து, பைக்கு ஒரு புத்தகமாக வீட்டுக்குக் கொடுத்துவிடத் தொடங்கினேன். ஒரு வாரம் ஒரு வீட்டில் இருக்கும். அந்தி ஜெபத்துக்கு முன்னால் குடும்பமாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து வேறு வீட்டுக்குப் போகும். பைகளுக்குப் பொறுப்பு நானே என்பதால் எங்கள் வீட்டுக்கு எப்போதும் நல்ல புத்தகமாகத்தான் வரும். அதிகாரம் கையில் இருந்தால் யாருக்கும் கொஞ்சம் ஆசை வரத்தான் செய்கிறது.

அந்த வாரம் வந்தது, கூட்டத்தை விட்டுப் போன ஒரு செம்மறிக் குட்டியின் கதை. சின்னப் புத்தகம், நிறையப் படம். ஒரே மூச்சில் வாசித்தால் சுடுதண்ணி கொதிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். அந்திக்கு ஒரு விரிப்பு மட்டும். இடது பக்கமும் வலது பக்கமும், அவ்வளவுதான். மகள் எழுத்தை வாசிப்பாள். நான் படத்தைக் காட்டிக் கதையை இழுப்பேன். மகன் குறுக்குக் கேள்வி கேட்பான். ஆட்டோ ஓட்டிக் களைத்து வந்த என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஜெபத்துக்காகத்தான் கண்ணை மூடியிருக்கிறார் என்று பிள்ளைகள் நம்பினார்கள்.

குட்டி மேய்ச்சலை விட்டுத் தனியாகப் போயிற்று. ஓடையைத் தாண்டியது. அடுத்த நாள் மலை ஏறியது. அதற்கடுத்த நாள் மூடுபனிக்குள் ஒரு பாறை விளிம்பில் போய் நின்றது. மேலேயும் போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது. மகள் அந்த விரிப்பை வாசித்துக்கொண்டிருக்கும்போதுதான் சுவரில் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். சில்வர் டம்ளரால் தட்டுகிற சத்தம்.

நாங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். லயத்தில் சுவரைத் தட்டினால் ஒரே அர்த்தம்தான். சத்தத்தைக் குறை. ரேடியோவுக்கும் தட்டுவார்கள், பிள்ளை அழுகைக்கும் தட்டுவார்கள், புருஷன் பொண்டாட்டி சண்டைக்கும் தட்டுவார்கள்.

படுக்கையில் கிடக்கிற பிள்ளைத்தாச்சி, தூங்க நினைத்திருப்பாள் என்பது முதலில் வந்த எண்ணம். அடுத்து வந்த எண்ணம் அதைவிட மோசம். வேலியை விட்டு ஓடிய ஆட்டின் கதையை அவள் காதுபட நாள்தோறும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் ஜாடை பேசுகிறேன் என்றல்லவா நினைத்திருப்பாள். ஆண்டவர் சாட்சியாக, அதுவரைக்கும் அந்த எண்ணமே எனக்கு இல்லை. இருந்திருந்தால் இன்னும் நன்றாக வாசித்திருப்பேன்.

"மெதுவா வாசி" என்றேன் மகளிடம்.

அவள் குரலைக் குறைத்தாள். டொக், டொக், டொக். இன்னும் குறைத்தாள். இப்போது தட்டு பலத்தது. மகள் காதோடு காதாகச் சொல்கிற அளவுக்கு வந்தபோது அந்தப் பக்கத்தில் டம்ளர் நெளிந்திருக்கும், அப்படி ஒரு இடி.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "மூடு புத்தகத்த" என்றேன். "சொந்த வீட்டுல உக்காந்து வேதக்கத வாசிக்கவும் அவங்க உத்தரவு வாங்கணும் போல." இதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அதோடு தட்டுவதும் நின்றது.

அடுத்த நாள் அந்தியில் கதை இல்லை, வெறும் ஜெபம் மட்டும். அதற்கடுத்த நாளும் இல்லை. மகன் தன் ஜெபத்தில், "ஆண்டவரே, பாறையில நிக்கிற ஆட்டுக்குக் குளிராமப் பாத்துக்குங்க" என்று கேட்டான். நான் ஆமென் சொல்லவில்லை.

மறுநாள் மழைச் சாயங்காலம், கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன். தலையில் சாக்கு, உடம்பெல்லாம் பெக்டரித் தேயிலை வாசம். ஷிஃப்டுக்கு நடுவில் சொல்லிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். அமைதியான மனிதர். சண்டை நாளில்கூட ஆட்டைத்தான் திட்டினார்.

"டீச்சரக்கா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

தயங்கித் தயங்கி நின்றார். பிறகு, "அந்த ஆடு கெடச்சிச்சா?" என்றார்.

"ஒங்க ஆட்டக் காணோம்னா எங்கிட்ட வந்தா கேக்கிறது? ஏதாவது லீக்ஸ் பாத்தியில போய்ப் பாருங்க."

"எங்க ஆடு கொட்டிலுலதான் நிக்கிது. அவ கேக்கிறது கதையில உள்ள ஆட்ட. பாறையில நின்னுச்சாமே. அதுக்கப்புறம் நீங்க வாசிக்கவே இல்லியாம். ரெண்டு நாளா சரியா சாப்பிடல, ஒரே அழுகை."

"அவதானே சுவர இடிச்சா?"

"சத்தம் பத்தலன்னு தட்டியிருக்காக்கா. தகரத்துல மழை விழுந்தா அந்தப் பக்கம் ஒண்ணும் வெளங்காது. அவ தட்டத் தட்ட நீங்க கொறச்சுட்டீங்க. நீங்க கொறைக்கக் கொறைக்க அவ தட்டுனா."

எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே என் கணவர் சிரிப்பதை மறைக்க இருமினார்.

"அவ கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க பேசாம அவ எப்படிப் பேசுவா?" என்றார். அந்த நியாயம் எனக்கு உடனே விளங்கியது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, சுவருக்கு மேல் இருந்த இடைவெளியை ஒரு தடவை பார்த்துவிட்டு, வாசலுக்கு வெளியே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "அக்கா, முடிவு நல்ல முடிவுதானே? கெட்ட முடிவுன்னா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க, அவளுக்கு வேணாம். அந்த ஆடு கெடச்சா நம்ம பிள்ளையும் தங்கும்னு மனசுல வச்சிருக்கா. நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கிறா."

மழையில் அப்படியே நின்றேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். படத்துக்கு வண்ணம் தீட்டக் கொடுத்திருக்கிறேன், பஞ்சு ஒட்டி ஆடு செய்ய வைத்திருக்கிறேன். அதன் முடிவை யாராவது இப்படி உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து கேட்டதில்லை. "கெடைக்கும்" என்றேன். "கட்டாயம் கெடைக்கும். போய் வேலையப் பாருங்க."

அன்று அந்தியில் பாயைச் சுவரை ஒட்டிப் போட்டோம். மகளை முக்காலியில் ஏற்றி, இடைவெளியைப் பார்த்து வாசிக்கச் சொன்னேன். மேய்ப்பன் விளக்கைக் கொளுத்திக்கொண்டு புறப்படும் விரிப்பு அது. வாசித்து முடித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு 'டொக்'. கேட்டது என்று அர்த்தம் போலிருக்கிறது. நாங்கள் இன்னும் பேச்சு விட்டவர்கள்தானே.

இப்படியே இரண்டு மூன்று நாள் போயிற்று. நான் கதை சொல்வேன், அவள் டம்ளரால் பதில் சொல்வாள். ஒரு 'டொக்' என்றால் சரி. இரண்டு என்றால் திரும்பச் சொல்லு. கடைசியில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் குரலே வந்துவிட்டது.

"அந்த மேய்ப்பன் என்னா கலர்ல சட்ட போட்டிருக்கான்?"

லீக்ஸுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "காவிக் கலரு" என்றேன். "தோள்ல ஒரு போர்வை. போர்வையில ஓட்டை."

"மழைக்கு அது பத்தாதே."

"அவன் நாட்டுல மழை கொறைவு."

"பின்ன மத்த ஆட்டயெல்லாம் அப்பிடியே விட்டுட்டா போனான்? அதுங்கள யாரு பாத்துக்கிட்டது?"

ஆடு வளர்ப்பவளின் கேள்வி. சண்டே ஸ்கூலில் ஒரு பிள்ளையும் இதைக் கேட்டதில்லை. புத்தகத்தில் அதற்குப் பதிலும் இல்லை. நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரங்க பாத்துக்கிட்டாங்க" என்றேன்.

"அப்போ பக்கத்து வீட்டுக்காரங்க லீக்ஸ யாரு பாத்துக்கிட்டது?"

முதலில் என் கணவர்தான் வெடித்துச் சிரித்தார். பிறகு நான். பிறகு அவள். பிள்ளைத்தாச்சி குலுங்கிச் சிரிக்கக் கூடாது என்று பயந்து, "போதும் போதும், படுத்திரு" என்று சுவரைத் தட்டினேன். அதோடு எங்கள் சண்டை தீர்ந்தது. மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு பேரும் வாயில் எடுக்கவே இல்லை.

புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிடுகிறேன், படம் பார்த்துக்கொள் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். "நீங்க சொல்லுங்க. சொன்னா எனக்கு மேல தகரத்துல எல்லாம் தெரியிது." அடுப்புப் புகையும் துருவும் சேர்ந்து அந்தத் தகரத்தில் வரைந்து வைத்திருந்த கோலங்களில் அவள் ஆட்டையும் மேய்ப்பனையும் பாறையையும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதனால் நான் வாசிப்பதைக் குறைத்து, படத்தைச் சொல்லத் தொடங்கினேன். பாறையில் எந்தப் பக்கம் பாசி, ஆட்டின் எந்தக் கால் முன்னால், விளக்குச் சுடர் காற்றில் எந்தப் பக்கம் சாய்கிறது என்றெல்லாம். இத்தனை நாள் நானே அந்தப் படங்களைச் சரியாகப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

லயத்தில் வாய் சும்மா இருக்குமா? 'வேதக்காரி படுத்துக் கிடக்கிறவளை மாற்றப் பார்க்கிறாள்' என்று பைப்படியில் ஒரு பேச்சு எழும்பியது. எனக்குக் கவலையாகிவிட்டது. அவளிடமே கேட்டேன், நிறுத்திவிடட்டுமா என்று. "கத கேட்டு மதம் மாறும்னா, இந்த லயத்துல பாக்குற டீவி நாடகத்துக்கு நாமெல்லாம் எப்பவோ பேயா மாறியிருக்கணும்" என்றாள், பைப்படிக்குக் கேட்கும்படியாக. அதோடு அந்தப் பேச்சும் அடங்கியது. மாரியம்மன் கோயில் திருநீறு அவள் தலைமாட்டில் இருந்தது. எங்கள் ஜெபம் சுவர் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே பிள்ளைக்காகத்தான்.

சிக்கல் வேறொரு இடத்தில் வந்தது. புத்தகம் முடிந்துவிட்டது. மேய்ப்பன் குட்டியைக் கண்டுபிடித்துத் தோளில் போட்டுக்கொண்டான், படம் அவ்வளவுதான். அன்றைக்கு அவள் அழுதுகொண்டே சிரித்ததைக் கேட்டேன். ஆனால் மறுநாள் அந்தியிலும் சுவரில் டொக் டொக்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கெடச்சிருச்சே."

"கெடச்சா போதுமா? வீட்டுக்கு வர வேணாமா? பாறையிலேருந்து வீடு வரைக்கும் எவ்வளவு தூரம் எறங்கணும்."

அவளுக்குப் பிள்ளை பிறக்க இன்னும் மாதங்கள் கிடந்தன. தோளில் ஏறிய ஆடு வீடு வந்து சேரவில்லை என்றால் அவளுக்கு எப்படித் தூக்கம் வரும்? நான் மூடிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத விரிப்பு ஒன்றை வாசிக்கத் தொடங்கினேன். மேய்ப்பன் இறங்குகிறான். வழியில் ஒரு கிழவர் சுடச்சுடத் தேத்தண்ணி கொடுக்கிறார். பாலம் உடைந்திருக்கிறது. ஒரு சிறுத்தை தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, பசியில்லை என்று போய்விடுகிறது.

"அம்மா, இது புத்தகத்துல இல்ல" என்றாள் மகள். எதற்கும் உண்மையை எதிர்பார்க்கிற பிள்ளை.

"படத்துல இருக்கு" என்றேன்.

"படத்துலயும் இல்ல."

"சித்தி வீட்டுத் தகரத்துல இருக்கு" என்றான் மகன். மறுநாள் மகளே, பாலம் கட்ட மரம் கொண்டுவரும் ஒரு பெண்ணைக் கதைக்குள் சேர்த்தாள்.

இப்படி அந்த ஆடு மாதக்கணக்கில் மலையிறங்கியது. வேதத்தில் இல்லாததைச் சேர்க்கிறேனே என்று எனக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. ஐயரிடம் போய்ச் சொன்னேன். எங்கள் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆடு கடைசியில வீட்டுக்குப் போகுதில்லியா?" என்றார். போகும் என்றேன். "அப்போ எந்த வழியா போனா என்னம்மா" என்றார். பிறகு சிறுத்தையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நான் முதன்முதலில் எழுத உட்கார்ந்தது அன்றுதான். அந்தியில் சொன்னதை மறந்துவிட்டால் அவள் விடமாட்டாளே, நேற்று சிறுத்தை இடது பக்கம் நின்றது, இன்றைக்கு ஏன் வலது பக்கம் என்று கேட்பாள்.

ஒரு விடியற்காலை டம்ளர் சத்தம் கேட்டது. கதை நேரமில்லை. நான் சேலையை வாரிச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அவளுக்கு வலி கண்டுவிட்டது. என் கணவர் ஆட்டோவை வாசலோடு கொண்டுவந்து நிறுத்தினார். அவள் புருஷன் முன்னால் ஒடுங்கிக்கொள்ள, பின்னால் நான் அவளை மடியில் சாய்த்துக்கொண்டேன். நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் பனி. முன்னால் இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பி வந்த அதே ரோடு. நான் அவளை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆடு இப்ப எங்கக்கா நிக்கிது?" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

எனக்குக் கதை ஒன்றும் ஓடவில்லை. வெளியே பார்த்தேன், பார்த்ததைச் சொன்னேன். "நிக்கல. தோள்ல இருக்கு. எறங்கிக்கிட்டே இருக்காங்க. இப்போ கோவாத் தோட்டம். வரிசையா உருண்டை உருண்டையா கோவா, இலை மேல பனித்தண்ணி. இந்தா, ஒரு கடையில வெளக்கு எரியிது. ஒரு வளைவு. அங்கிட்டு லீக்ஸ்."

வலிக்கு நடுவில் கண்ணைத் திறந்தாள். "எறங்கித் தின்னுச்சா?"

"இல்ல. தோள்லயே இருக்கு. இறுக்கிப் பிடிச்சிருக்கான்."

"அப்ப சரி" என்று என் கையை இறுக்கினாள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் விடவில்லை.

நாங்கள் மூன்று பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஒழுங்காக ஜெபிக்கக்கூட வரவில்லை. வீட்டுக்கு வரட்டும், வீட்டுக்கு வரட்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நர்ஸ் வந்து சிங்களத்தில் கூப்பிட்டார். பெண் பிள்ளை, அம்மாவும் நலம். அவள் புருஷன் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததே இல்லை.

பிள்ளையோடு அவள் வீடு திரும்பிய அன்று, புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். பொறுப்பு நானே என்பதால் அது இன்னும் அலுமாரிக்குத் திரும்பியிருக்கவில்லை. இத்தனை மாதமாகக் காதால் பார்த்த படங்களை இப்போது கண்ணால் பார்க்கட்டும் என்று கட்டிலில் விரித்து வைத்தேன். அவள் ஒவ்வொரு விரிப்பாகப் புரட்டினாள். முகம் வாடிக்கொண்டே போயிற்று.

"இதுவா ஆடு?"

"ஆமா."

"வெள்ளையால்ல இருக்கு."

"செம்மறி வெள்ளையாத்தான் இருக்கும்."

"நான் பாத்த ஆடு கறுப்பு" என்றாள் உறுதியாக. "ஒரு காது மடிஞ்சிருக்கும். மேய்ப்பன் எங்கூட்டுக்காரரு மாதிரி தலையில சாக்குப் போட்டிருப்பான். தேயிலை மலையிலதான் தேடுனான். இதுல தேயிலையவே காணோம்." புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தாள். "இது வேற ஆடு, டீச்சரக்கா. நம்ம ஆடு இன்னும் புத்தகத்துல வரல."

அவள் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. நம்ம ஆட்டை எழுதி முடித்து ஐயரிடம் கொடுத்தேன், சபை அதை அச்சடிக்க ஒத்துக்கொண்டது. படம் வரைய வந்த பெண்ணை நேராக அவள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலில் படுக்க வைத்து, தகரத்தைக் காட்டினேன். எங்கள் சபை அச்சடித்த முதல் படக்கதைப் புத்தகம் அதுதான். அதில் ஆடு கறுப்பு, ஒரு காது மடிந்திருக்கும். மேய்ப்பன் தலையில் சாக்கு. வழியில் ஒரு லீக்ஸ் பாத்தியும் வரும், ஆடு அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போகும். முதல் பிரதி யாருக்குப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

போன வாரம் ஒரு அந்தி. பிள்ளை இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்து, பாய் விரித்து, பையிலிருந்து ஏதோ ஒரு புத்தகத்தை மகள் எடுத்தாள். அதற்குள் அந்தப் பக்கத்தில் கதை தொடங்கிவிட்டது. அவள் வாசிக்கிறாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். நடுநடுவே பிள்ளைக்குப் படம் சொல்கிறாள், நான் எழுதாததையெல்லாம் சேர்த்து. மகள் தன் கையில் இருந்த புத்தகத்தை மூடிக் கீழே வைத்தாள். நாங்கள் நாலு பேரும் சுவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டோம். ஆடு பாறையில் நிற்கும் இடம் வந்தது. பிள்ளை தூங்கப் போகிறது போலிருக்கிறது, அவள் குரலைத் தாழ்த்திவிட்டாள். தகரத்தில் மழையும் பிடித்துக்கொண்டது.

எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாதா? நான் எழுதிய கதை. ஆனாலும் எழுந்து போய், அடுக்களையிலிருந்து ஒரு சில்வர் டம்ளரை எடுத்து வந்து, சுவரில் தட்டினேன்.